ஆப்பிரிக்க டேனரிக்குப் போகிறவர் எந்த மலேரியா மாத்திரையைக் கையில் எடுப்பது?

"இங்க இல்லாத கொசுவாண்ணே?" என்று கேட்டான் பக்கத்துத் தெருத் தம்பி. ஆம்பூரில் தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மிஷினில் கை தேர்ந்தவன். நைஜீரியாவின் கானோவில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. விசா, டிக்கெட் எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். மலேரியா வராமல் தடுக்கப் போடும் மாத்திரை பற்றி மட்டும் யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. கானோவில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் என்னிடம் வந்தான்.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் நான் பார்த்த பலர் எடுத்த முடிவு, மாத்திரையே வேண்டாம், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். முதலில் அதைப் பேசிவிடுவோம். நம் ஊர்ப் பக்கம் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. ஆளைப் போட்டு உலுக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. கானோவில் இருப்பது ஃபால்சிபேரம். சிகிச்சை தள்ளிப்போனால் ஒன்றிரண்டு நாளில் மூளை, சிறுநீரகம் வரை போய்விடும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு உண்டு. கூட வேலை செய்கிறவர் இரண்டே நாளில் எழுந்து, தோல் ஊறும் டிரம் பக்கம் வேலைக்கு வந்துவிட்டாரே என்று நாம் நம் உடம்புக்குக் கணக்குப் போடக் கூடாது. வீட்டில் பழைய குளோரோகுயின் இருந்தாலும் பயனில்லை, அந்த மருந்துக்கு ஆப்பிரிக்க ஃபால்சிபேரம் எப்போதோ பழகிவிட்டது.

சரி, மீதி மூன்று மாத்திரை.

டாக்சிசைக்ளின் மூன்றிலும் மலிவு, எந்த மெடிக்கலிலும் இருக்கும். தினம் 100 மில்லிகிராம், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு ஆரம்பித்து, அங்கிருந்து வந்த பிறகும் 4 வாரம். நான் போட்டதும் இதைத்தான். முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பில், டம்ளரில் கிடந்த ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். விடிந்தபோது நடு நெஞ்சில் நெருப்புத் துண்டு வைத்தது போல எரிச்சல். எச்சில் விழுங்கினால்கூட வலி. மாரடைப்பு என்றே பயந்துபோனேன். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதன் பிறகு சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, போட்டுவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன். நான்கு வருடத்தில் அந்தத் தொந்தரவு திரும்ப வரவில்லை. இன்னொன்று வெயில். தோல் சட்டென்று சிவந்து எரியும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். ஆன்டாசிட், இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது, குடும்பத்தோடு போகிறவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று போதும். தினம் மறந்துபோகிறவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் சிலருக்குத் தூக்கம் கெடும், கனவுகள் பயமுறுத்தும், தலை சுற்றும், மனம் சோர்ந்து போகும். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. மனச்சோர்வோ வலிப்போ முன்பு இருந்தவர்கள் தொடவே வேண்டாம். தொந்தரவு வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாத்திரைக்குள் தெரிந்துவிடும், அதனால்தான் இரண்டு மூன்று வாரம் முன்பே ஊரில் இருக்கும்போது ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஷேவிங் மிஷினின் பிளேடு உருளைக்குப் பக்கத்தில் நின்று தோலைத் தள்ளுகிறவனுக்குத் தலைசுற்றல் வரக்கூடிய மாத்திரையை நான் சொல்ல மாட்டேன்.

அட்டோவாகோன்-புரோகுவானில் உடம்புக்குச் சாது. வந்த பிறகு 7 நாள் போட்டால் முடிந்தது. விலைதான் இடிக்கும், எல்லா மெடிக்கலிலும் இருக்காது. மிஷின் மாட்டிக் கொடுக்க இரண்டு வாரம் போகிறவருக்கு இதுவே சிறந்தது. இரண்டு வருடம் தினமும் வாங்கிப் போட நம் டெக்னீஷியன் சம்பளம் தாங்காது.

எத்தியோப்பியா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, அங்கே மலேரியா பரவுவதில்லை, அந்த நகரத்துக்குள்ளேயே இருந்தால் மாத்திரை தேவைப்படாது. டேனரிகள் நிறைந்த மோஜோ சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் 2,000 மீட்டருக்குக் கீழே. அங்கே வேலை என்றால் கணக்கு மாறும், மாத்திரை வேண்டும். இரண்டு நாட்டுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்புவதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்த மாத்திரை போட்டாலும் மருந்து தோய்த்த கொசுவலை வேண்டும், அந்தக் கொசு கடிப்பது ராத்திரியில்தான்.

தம்பிக்கு நான் சொன்னது டாக்சிசைக்ளின், டாக்டரிடம் காட்டிவிட்டு. அப்புறம் ஒன்றை இரண்டு முறை சொன்னேன். என்னோடு இருந்த வாணியம்பாடிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்ததும், இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் காய்ச்சல். தட்டணுக்கள் குறைந்திருந்தன. நம் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல், அதற்குத்தான் டெஸ்ட் எடுத்தார்கள். கானோவிலிருந்து வந்தவர் என்று இவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் மனைவி சொன்ன பிறகுதான் மலேரியாவுக்கு ரத்தம் பார்த்து, ஐசியூவில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

நேற்று தம்பி வீட்டில் மாத்திரை அட்டைகளை எண்ணி சூட்கேஸில் வைத்தோம். முதல் லீவுக்கு வந்ததும் போட வேண்டிய 28ஐ மட்டும் தனியே கட்டி, அவன் அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறோம்.