திருமலையில் (திருகோணமலையில்) பழைய கிற்றார் பெடல் வாங்கப் போகிறவர்கள் முதலில் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள்

கடைப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்று இரவே போன் வரும், அந்தக் கடைக்காரரின் மச்சான் என் தம்பியோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவர், திருமலை அவ்வளவு சின்ன ஊர். ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. போன மாதம் மட்டும் இரண்டு பெடியன்கள் என்னிடம் "அண்ணா, எபெக்ட் பெடல் எங்க வாங்கலாம்?" என்று கேட்டார்கள், இரண்டு பேருமே அந்தக் கடையில் ஏற்கனவே விலை கேட்டுவிட்டு வந்தவர்கள்.

நான் பெரிய கிற்றார்காரன் எல்லாம் இல்லை. பகலில் வேறு வேலை. கலியாண வீடு, கோயில் திருவிழா, சீசன் நேரத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் சனிக்கிழமை இரவு, அவ்வளவுதான். பெடல் என்பது கிற்றாருக்கும் அம்புக்கும் (அம்ப்ளிபையருக்கும்) நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற, சத்தத்தை மாற்றுகிற சின்னப் பெட்டி. எட்டு வருடமாக என்னிடம் இருந்தது சத்தத்தை "வா வா" என்று வளைக்கிற ஒரு வா பெடலும், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஒரு ஓவர்டிரைவும் (டியூப் ஸ்கிரீமர் என்ற பிரபலமான பெடலின் சீனப் பிரதி, பிரதி என்று சொல்லித்தான் விற்றார்கள், அதனால் அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை). எக்கோ வேண்டுமென்றால் மிக்சரில் இருந்துதான் வரவேண்டும், அதாவது மிக்சரில் இருக்கிறவர் மனம் வைத்தால் வரும்.

அதனால் ஒரு டிலே பெடல், அதாவது வாசித்ததைக் கொஞ்சம் பிந்தி எக்கோவாகத் திருப்பித் தருகிற பெடல், வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை, அதுவும் ஜப்பான் கம்பனியான பொஸ்ஸின் டிஎம்-2. 1981இல் வந்த பெட்டி. பழைய அனலொக் (டிஜிட்டல் அல்லாத) டிலே, ஆரம்பத்தில் வந்தவற்றின் உள்ளே எம்என் 3005 என்ற சிப். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதே மாதிரி இந்தச் சிப் சத்தத்தை 4096 படிகள் வழியாகக் கைமாற்றிக் கைமாற்றிப் பிந்தி வெளியே விடும், அதனால்தான் அந்த வகைக்கே பக்கெட் பிரிகேட் என்று பெயர். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் சத்தம் கொஞ்சம் மங்கிக் கரைந்து போகும். அந்த மங்கலுக்காகத்தான் ஆட்கள் இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் கடைக்காரர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "தம்பி, ஒரிஜினல் ஜப்பான், டிஎம்-2, வெளிநாட்டில இருந்து வந்த ஒராள் வித்திட்டுப் போனவர்." விலை 65,000 ரூபா. நான் அன்று பின்னேரமே போய்விட்டேன். கடையில் பெடலுக்குப் பற்றரி போட்டு, ஒரு சின்ன அம்பில் அதைத் தனியாக வாசித்துக் காட்டினார். நன்றாக இருந்தது, உண்மையாகவே நன்றாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஒன்றை மட்டும் கவனித்தேன், டிலே நேரம் நீளமாக இருந்தது. டிஎம்-2 கூடினால் 300 மில்லி செக்கன்தான் தரும் என்று எனக்குத் தெரியும், கேட்டும் பார்த்தேன். "நான் கொஞ்சம் மொட் பண்ணினனான், கூடத்தானே தருது, குறையவா தருது?" என்று சிரித்தார். கூடக் கிடைப்பதைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும். நானும் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

கூடவே, "போர்டையும் செட் பண்ணித் தாறன்" என்று இன்னும் 5,000. கிற்றார், வா, டிலே, ஓவர்டிரைவ், அம்ப் என்ற ஒழுங்கில் பலகையில் ஒட்டி, ஒரே அடப்டரில் இருந்து ஐந்து வால் பிரியும் வயர் ஒன்றைப் போட்டு எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தார். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் திரும்பி வரும் ஒவ்வொரு சத்தமும் ஓவர்டிரைவுக்குள் போய் அரைபட்டு எல்லாம் ஒரே கஞ்சியாகிவிடும். வேண்டுமென்றே அப்படி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ருசி. ஆனால் நான் கேட்டபோது அவர் "அனலொக் டிலே முன்னுக்குத்தான் வரோணும், அது சட்டம்" என்றார். எந்தச் சட்டமோ.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஓவர்டிரைவை மிதித்ததும் ஆரம்பித்தது. ஹம் என்று எல்லோரும் சொல்கிற தாழ்ந்த இரைச்சலாக இருந்தால் பழகியது என்று விட்டிருப்பேன். இது மேலே, மெல்லியதாக, காதுக்குள் நுளம்பு புகுந்த மாதிரி ஒரு "ஙீஈஈ". அதுவும் டிலேயின் நேரக் குமிழைத் திருப்பத் திருப்ப அதன் சுருதியும் ஏறி இறங்கியது! இந்த ஒரு விஷயத்தை நான் அன்றைக்கே யோசித்திருந்தால் மிச்சக் கதையே இல்லை. குமிழோடு சேர்ந்து ஏறி இறங்குகிற சத்தம் எங்கே இருந்து வரும், அந்தக் குமிழ் இருக்கிற பெட்டியில் இருந்துதானே வரும்.

கடைக்குக் கொண்டுபோனேன். முதல் தீர்ப்பு: கிற்றார் பிழை. உள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லையாம், செப்புத் தகடு ஒட்டவேண்டுமாம், 7,500. ஒட்டினார். சத்தம் போகவில்லை. இரண்டாம் தீர்ப்பு: நொய்ஸ் கேட் வேண்டுமாம், 18,000. வாங்கினேன் (ஆம், வாங்கினேன், என் மனைவி இதை வாசித்தால் இந்த இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்). கேட் என்பது நாம் வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்தும், வாசிக்கும்போது திறக்கும். திறந்தால் நுளம்பும் கூட வந்துவிடும். அதைவிட மோசம், அவர் அதைக் கடைசியில் வைத்தார், அதனால் நான் கையை எடுத்ததும் எக்கோவின் வாலை நறுக்கென்று வெட்டியது. 65,000 கொடுத்து வாங்கியதே அந்த வாலுக்காகத்தான்.

மூன்றாம் தடவை போனபோது அம்பையும் கொண்டுவரச் சொன்னார். உள்ளே எடுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் திருப்பித் தந்தார். "கிரவுண்ட் லூப் தம்பி, இப்ப சரி." (கிரவுண்ட் லூப் என்பது எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து இரைச்சல் போடுவது.) என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், "சின்ன வேலைதான், காசு வேண்டாம்" என்றார். இதுவரை நடந்ததெல்லாம் காசு விஷயம், இனிச் சொல்லப்போவதற்குத்தான் இந்தப் பதிவே.

ஏப்ரல் கடைசியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் கச்சேரி. மணலில் பலகை போட்ட மேடை, பின்னேரம் தூறியதால் பலகை ஈரம், நான் வெறுங்கால். முதல் பாட்டில் கோரஸ் பாட மைக்குக்குக் கிட்டப் போனேன், உதடு கம்பி வலையில் பட்டது. பளீர் என்று ஒரு அடி. பல்லெல்லாம் உலோகச் சுவை, இடது கை கம்பிகளோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு கணம். பேஸ் வாசிக்கிற தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அம்பின் பிளக்கைப் பிடுங்கினான். சனம் அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக் கை தட்டியது.

பிளக்கைத் திறந்து பார்த்தோம். பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட எர்த் வயரை வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து உள்ளே வைத்திருந்தது. அதுதான் அந்தச் "சின்ன வேலை". கிற்றார்க் கம்பிகள் பிரிட்ஜ் (கம்பிகள் உட்காருகிற உலோகத் துண்டு), கேபிள் வழியாக அம்பின் உடம்போடு சேர்ந்திருக்கின்றன. அம்பின் உடம்பு எர்த்தோடு சேர்ந்திருக்கும்வரை கசிகிற கரண்ட் அந்த வழியாகப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது வழி தேடும், மைக் மிக்சர் வழியாக எர்த் ஆகியிருக்கும், நடுவில் நிற்பது நாம். அன்று வெறும் கசிவாக இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்புக்குள் ஒரு வயர் கழன்று உடம்பில் பட்டிருந்தால் 230 வோல்ட்டும் என் வாய் வழியாகப் போயிருக்கும். இரைச்சலைக் குறைக்க எர்த்தைக் கழற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்த நாள் ரேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம் போனேன். கோயில் லவுட்ஸ்பீக்கர் அம்ப்கள் எல்லாம் அவரிடம்தான் வரும், எலக்ட்ரிக் கிற்றாரை அவர் கையில் எடுத்ததே இல்லை. முதலில் எர்த்தைப் பூட்டினார், பூட்டும்போது அந்தக் கடைக்காரரைப் பற்றி இங்கே எழுத முடியாத இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லிவிட்டு, "மகன், கிற்றாரில வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்க" என்றார். கொண்டுவந்தேன். நுளம்பு அப்படியே இருந்தது. "அப்ப கிற்றார்ல பிழை இல்ல." என் 7,500 அந்த ஒரு வசனத்தில் போயிற்று. அடுத்தது டிலேக்குப் போகிற அடப்டர் வாலைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பற்றரியைப் போட்டார். சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது. மொத்தம் பத்து நிமிஷம்கூட இல்லை, அதில் பாதி பற்றரி தேடியது.

"இதுக்குள்ள ஏதோ டிஜிட்டல் கிடக்கு, திறப்பமா?" என்றார். அடித்தட்டில் நாலு ஸ்குரூ. அதில் ஒன்றுக்கு மேலேதான் கடைக்காரர் "கழற்றினால் வொறண்டி இல்லை" என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார், நானும் அதை இவ்வளவு நாளும் சாமி படம் மாதிரிக் காப்பாற்றி வைத்திருந்தேன். ஐயா நகத்தால் கிழித்தார். உள்ளே பழைய பொஸ் பலகை இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை ஒன்றை மெழுகு மாதிரி உருகுகிற பசையால் ஒட்டியிருந்தது, நடுவில் 16 கால் சிப், அதன் முதுகில் பிடி 2399. மலிவான டிலே பெடல்களிலும் கரோக்கி எக்கோவிலும் வருகிற அதே டிஜிட்டல் சிப். அது உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பில் ஓடும், டிலே நேரத்தை மாற்றினால் அந்தத் துடிப்பும் மாறும். அந்தத் துடிப்பு ஒரே அடப்டரின் கிரவுண்ட் (எல்லாப் பெடலுக்கும் பொதுவான வயர்) வழியாக மற்றப் பெடல்களுக்குள் கசிந்து, ஓவர்டிரைவ் அதைப் பல மடங்காகப் பெருக்கியதுதான் என் நுளம்பு. கடையில் தனியாக, அதுவும் பற்றரியில் வாசித்துக் காட்டியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எம்என் 3005க்கு நல்ல விலை உண்டு, யாரோ உயிரைக் கழற்றி விற்றுவிட்டுக் கூட்டை வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்களே தம்பி" என்றார். பிறகு, "சவுண்ட் நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன?" என்றார். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் சவுண்ட் நல்லாத்தான் இருக்கிறது. அதே பலகை பதினைந்தாயிரத்துக்கு வேறு பெயரில் இருந்தால் நானே விரும்பி வாங்கியிருப்பேன். கடைசியில் நொய்ஸ் கேட்டை மட்டும் 10,000க்குத் திருப்பி எடுத்தார். எர்த் விஷயத்தைக் கேட்டதற்கு "எல்லாரும் செய்யிறதுதான்" என்றார். மொத்தம் 95,500 போய் 10,000 வந்தது.

பில்லை எடுத்துப் பார்த்தால் "எபெக்ட் 1 - 65,000" என்று மட்டும் இருக்கிறது. மொடல் பெயர் இல்லை, ஜப்பான் இல்லை, அனலொக் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, ஆனால் எழுத்து மூல முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், எனக்கு அந்த மூன்று மாதமும் செப்புத் தகட்டிலும் கேட்டிலும் போய்விட்டது. நீங்கள் வாங்கினால் பில்லில் மொடல் பெயரையும் "அனலொக், ஒரிஜினல்" என்ற வார்த்தைகளையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

டிஎம்-2 மாதிரிப் பழைய டிலே என்றால் போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டுகிற அப்பை) நிமிஷத்துக்கு 100இல் வைத்து, நேரக் குமிழை முழுக்கத் திருப்பி, தாளத்துக்கு ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். எக்கோ அடுத்த தாளத்திலேயே விழுந்தால் அது 600 மில்லி செக்கன், டிஎம்-2 ஆக இருக்கவே முடியாது. என்னுடையது அப்படித்தான் விழுந்தது, அதுவும் அந்த நீளத்தில் கரகரப்பு வேறு. இன்னொன்று, அடப்டர் துளைக்குப் பக்கத்தில் ஏசிஏ என்று எழுதியிருக்கும் பழைய பொஸ் பெடல்கள் 12 வோல்ட் பக்கமான பழைய அடப்டருக்குச் செய்தவை, இன்றைய 9 வோல்ட் அடப்டரில் தனியாகப் போட்டால் சிவப்பு லைட் மங்கித்தான் எரியும். என்னுடையதில் ஏசிஏ என்றும் எழுதியிருந்தது, லைட்டும் கல்யாண வீட்டு பல்ப் மாதிரி எரிந்தது. கடையில் உங்களுடைய மற்றப் பெடல்களோடும் உங்களுடைய அடப்டரோடும் சேர்த்துத்தான் வாசித்துப் பார்க்கவேண்டும், தனியாக வாசித்தால் எல்லாப் பெடலும் நல்ல பிள்ளைதான்.

இப்போது டிலேயை ஓவர்டிரைவுக்குப் பின்னால், அம்பின் சென்ட் ரிட்டேனில் (பெடல் இணைக்கவென்றே அம்பில் இருக்கிற துளைகளில்) போட்டிருக்கிறேன், பற்றரியில் ஓடுகிறது. ஒரு பற்றரி நாலைந்து கச்சேரிக்கு வருகிறது. செருப்புப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுகிறேன்.

போன கிழமை என் மருமகனை அந்தக் கடைக்கு அனுப்பினேன், அவனை அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி அலுமாரிக்குள் இன்னொரு பழைய பொஸ் பெட்டி இருக்கிறதாம், ஒரிஜினல் ஜப்பானாம், 58,000ஆம். கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அடித்தட்டில், அதே மூலை ஸ்குரூவுக்கு மேல், வெள்ளை ஸ்டிக்கர்.