ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்: டேஜா வூ – பழியைவிட இழுவை அதிகம்

1978இல் வந்த முதல் படம் 101 நிமிடம். அதே மெய்ர் ஸார்ச்சி இயக்கி 2019இல் வெளியான இந்தத் தொடர்ச்சி 148 நிமிடம்! கோளாறு அங்கேயே ஆரம்பம். முதல் படத்தில் தன்னைச் சீரழித்தவர்களை ஜெனிஃபர் பழிவாங்கிக் கொன்றாள். அந்தச் செத்தவர்களின் உறவுக்காரர்கள் இதில் அவளையும் அவள் மகளையும் கடத்துகிறார்கள்; அப்புறம் கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். எடிட்டிங்கில் 50 நிமிடத்தை வெட்டினாலும் கதை குறையாது. முதல் படத்தின் நாயகி கமில் கீட்டனை மறுபடி ஜெனிஃபராக அழைத்துவந்தது நல்ல யோசனைதான். ஆனால் பாதி வழியிலேயே அவரைக் கொன்றுவிட்டு, மொத்தப் பாரத்தையும் மகளாக வரும் ஜேமி பெர்னடெட் தலையில் இறக்கிவிடுகிறார்கள். முதல் படத்தில் தனியாகப் பின்னணி இசையே கிடையாது. அந்த மௌனம்தான் வயிற்றைப் பிசைந்தது. இதில் மிஞ்சுவது கூச்சல். பார்த்தே தீருவேன் என்பவர்கள் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.