ஜாம் பிஸ்கட்: ஜாமை எப்போது வைப்பது?

ஜாம் வைத்த பட்டர் பிஸ்கட்டில் மாவுக்குப் பெரிய வித்தை கிடையாது. பொடித்த சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, கட்டைவிரலால் குழி அமுக்கி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, 170 டிகிரியில் கால் மணி நேரம் போல வேகவிட வேண்டும். குழப்பமெல்லாம் அந்தக் குழியில் ஜாமை எப்போது வைப்பது என்பதில்தான்.

ஓவனுக்குள் போகும் முன்பே வைத்துவிடுவது சோம்பேறி முறை. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆசையாகக் குழி நிறையக் கோபுரமாக வைத்தேன். ஜாம் கொதித்துப் பொங்கி, விளிம்பைத் தாண்டி இறங்கி, தட்டோடு ஒட்டிக் கருகிவிட்டது. சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் போனது. ஜாமில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் சர்க்கரை. பொங்காமல் என்ன செய்யும்? கால் டீஸ்பூனுக்கு மேல் வைக்கக் கூடாது. அப்படி வைத்தாலும் பழவாசனை மங்கி, மிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டும். ஆனால் மேல்பக்கம் காய்ந்துவிடுவதால் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

வெந்த பிறகு வைப்பது இதற்கு நேரெதிர். வேகும்போது குழி மேலெழும்பிவிடும். சூடு ஆறுவதற்குள் ஸ்பூனின் பின்பக்கத்தால் மறுபடி அமுக்க வேண்டும். ஜாமை லேசாகச் சுட வைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஊற்றினால் கண்ணாடி போலப் பளபளக்கும். கடை மிக்ஸட் ஃப்ரூட் ஜாமின் திகட்டலும் அடங்கும். ருசியில் இதை அடிக்க ஆளில்லை, அன்றைக்கு மட்டும். மறுநாள் காலையில் ஜாமின் ஈரம் இறங்கி நடுப்பகுதி நமத்துப் போயிருக்கும். அடுக்கவும் முடியாது, ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நான் செய்வது நடுவழி. ஒன்பது நிமிடம் வெறுமனே வேகவிட்டு, வெளியே எடுத்து, குழியை அமுக்கி, ஜாம் வைத்து, இன்னும் ஐந்து நிமிடம். அதற்குள் விளிம்பு இறுகியிருக்கும், ஜாம் வழியாது. கொஞ்ச நேரமே சூடு படுவதால் நிறமும் கெடாது. ஓவனை இரண்டு தடவை திறக்கும் தொல்லைதான். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் இதுதான். சாயங்காலம் விருந்தாளி வந்து அப்போதே காலியாகிவிடும் என்றால் மட்டும் பின்னால் வைக்கிறேன்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா? போடலாம், மணமும் தூக்கும். ஆனால் வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போலத் தண்ணீர் உண்டு, நெய்யில் அது இல்லை. மாவு மணல் மாதிரி உதிரும். விரலை அமுக்கினால் விளிம்பு வெடிக்கும். ஜாம் அந்த வெடிப்பு வழியாகவே இறங்கும். நெய்யை, உதிர்வதே அழகான நான்கட்டாய் பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் லின்ட்ஸர் பிஸ்கட்டும் வெந்த பிறகு ஜாம் தடவுகிற ரகம்தான். இரண்டு வட்டங்கள், மேல் வட்டத்தில் கண் போல ஓட்டைகள், நடுவே சிவப்புக் கரன்ட் என்ற புளிப்பான சின்னப் பழத்தின் ஜாம். நான் நமத்துப் போனது என்று குறை சொல்வதை அவர்கள் பதமாக ஊறியது என்று ரசிக்கிறார்கள். ஆனால் அந்த மாவை மெல்லிசாகத் தேய்த்து வெட்ட வேண்டும். மே மாதச் சென்னைச் சமையலறையில் பூரிக்கட்டையோடு வெண்ணெயும் சேர்ந்து வந்துவிடும். டிசம்பரில் பார்க்கலாம்.