கோயில் வாசல் 'ராஜராஜன் காசு': பத்துக் காசுப் பொட்டலம் எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோயிலுக்கு வருபவர்களிடம் விற்கும் செப்புக் காசுப் பொட்டலம் இது. கூடவே ஒரு கதையும் வரும்: "காவிரி மணல்ல கிடைச்சது சார்."

முதல் பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் இடக்கைக்குக் கீழே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. இந்த வகையில் எழுத்து தமிழில் இருந்தால் வாங்காமல் நடையைக் கட்டலாம். இதில் அந்தத் தப்பு இல்லை.

தப்பு வேறிடத்தில். பத்தையும் வெள்ளைத் துணியில் பரப்பி, நகைக்கடை லென்ஸில் பார்க்க வேண்டும். நிற்கும் உருவத்தின் தோளுக்கு மேலே கடுகில் பாதியளவு ஒரு குழி. நான்கு காசில் அதே இடத்தில் அதே குழி. சோழர் காசு கையால் அடித்தது. வெறும் செப்பு வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். ஒன்றில் உருவம் ஓரமாக ஒதுங்கும், ஒன்றில் தலை வெட்டுப்படும், விளிம்பு வெடிக்கும். அச்சே கீறியிருந்தால் பல காசில் ஒரே கோடு வரலாம்தான், ஆனால் அது மேடாக நிற்கும். ஒரே இடத்தில் ஒரே குழி என்றால் ஒரே காசைப் பார்த்து எடுத்த வார்ப்பு. விளிம்பில் அரம் போட்ட தடமும் அதைத்தான் சொல்கிறது.

எடையை மட்டும் நம்ப வேண்டாம். அசல் பெரும்பாலும் 3.5 முதல் 4.5 கிராம், வார்ப்பவரும் அதற்குள் கொண்டுவந்துவிடுவார். 0.01 கிராம் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடி தட்டாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். 4 கிராம் செம்பு என்றால் சுமார் 0.45 காட்டும், துத்தநாகம் 0.56. பித்தளை 0.47தான், ஒற்றைக் காசில் அதைப் பிடிப்பது சிரமம். செம்பிலேயே வார்த்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால்தான் லென்ஸ் முதலில்.

அடுத்து களிம்பு. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் பச்சை பஞ்சில் ஏறி, அடியில் புதுச் செம்பு பளிச்சென்றது. பூசிய நிறம். மண்ணில் கிடந்து ஏறிய களிம்பு அசிட்டோனுக்கு அசையாது. அசல் காசைப் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், அது குத்துவிளக்கு இல்லை. களிம்போடு மதிப்பும் போய்விடும்.

இதில் வேடிக்கை, தேய்ந்த அசல் ராஜராஜன் செப்புக் காசே நாணய வியாபாரிகளிடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த அளவுக்கு ஏராளமாக அடித்திருக்கிறார்கள்.

மணலில் கிடைத்த கதை நிஜமானால் வம்பு இன்னும் பெரிது. மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு வருஷம் தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது. இந்தப் பொட்டலம் போலிதானே, அமெரிக்கப் பேரனுக்குத் தாராளமாக அனுப்பலாம்.