லூவன் 1914 நடைச்சுற்றுலா: தெருக்கள் அருமை, விளக்கம் போதாது

பெல்ஜியத்தின் லூவன் நகரத்தை முதல் உலகப் போரில், 1914 ஆகஸ்டில், ஜெர்மன் படை எரித்ததைப் பற்றி வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் சுற்றுலா இது. ரயில் நிலையத்துக்கு எதிரே தியாகிகள் சதுக்கத்தில் ஆரம்பித்து, நூலகக் கோபுரத்தடியில் முடிகிறது. 5-க்கு 3 தருவேன்.

தெருவைக் காட்டுவதில் வழிகாட்டி கெட்டிக்காரர். சில வீடுகளின் முகப்பில் சின்னதாக ஒரு கல் பதித்திருக்கிறது: ஒரு வாள், ஒரு தீப்பந்தம், 1914. எரிந்த பிறகு திரும்பக் கட்டிய வீடு என்பதற்கான அடையாளம். ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கடைப் பலகைக்கு மேலே, ஜன்னலுக்குப் பக்கத்தில் என்று கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடுகிறது. எரிந்த நூலகத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய நூலகத்தின் சுவரில் நன்கொடை தந்த அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்களைப் படிக்கவும் நேரம் தருகிறார்.

ஊர்மக்கள் சுட்டதால்தான் எரித்தோம் என்பது ஜெர்மன் தரப்பின் வாதம். ஆனால் ஊர்மக்கள் உண்மையிலேயே சுட்டார்களா என்ற கேள்வி வந்ததும், வழிகாட்டி இரண்டு தரப்பும் ஒவ்வொன்று சொல்கிறது என்று தாண்டிப் போய்விட்டார். ஜெர்மன் படை 248 பேரைக் கொன்ற ஊரில் இது எப்படிச் சரியாகும்? 1870 போரில் பிரான்ஸின் தன்னார்வத் துப்பாக்கிக்காரர்கள் மறைந்திருந்து தாக்கிய நினைவு ஜெர்மன் படையில் பயமாகவே ஊறிக் கிடந்தது. ஆகஸ்ட் 25 இரவு இருட்டில் வெடிச்சத்தம் கேட்டதும், ஊர்க்காரர்கள்தான் மாடியிலிருந்து சுடுகிறார்கள் என்று நம்பிவிட்டார்கள். குழப்பத்தில் ஜெர்மன் வீரர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்பதைத்தான் இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

சரி, யாரோ சுட்டதாகவே வைத்துக்கொள்வோம். போரை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட 1907 ஹேக் விதிகளை ஜெர்மனியும் ஏற்றிருந்தது. எதிரி நெருங்கும்போது, படையாகத் திரள அவகாசமில்லாமல் ஆயுதம் எடுக்கும் மக்கள், அதை வெளிப்படையாக ஏந்திப் போர் விதிகளை மதித்தால் அவர்களைப் போராளிகளாகவே நடத்த வேண்டும் என்கிறது 2-ஆம் பிரிவு. லூவன் ஆகஸ்ட் 19-லிருந்தே ஜெர்மன் பிடியில் இருந்ததால் இது அங்கே பொருந்தாது என்று ஒருவர் வாதாடலாம். அப்படியே இருந்தாலும் 50-ஆம் பிரிவு இருக்கிறதே! தனி ஆட்கள் செய்ததற்காக, அதில் பங்கில்லாத மக்கள் எல்லோரையும் சேர்த்துத் தண்டிக்கக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. இதைச் சொல்லாமல் எரிந்த வீடுகளை மட்டும் காட்டினால், ஏதோ விபத்தில் எரிந்த ஊர் போல ஆகிவிடுகிறது.

போகிறவர்கள் நாமூர் தெருவில் உள்ள பழைய பல்கலைக்கழக மண்டபத்தில் அவரைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எரிந்தது அங்கேதான், ஆனால் அங்கே அவர் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்.