1930 உதவி எண்: போலி டெக் சப்போர்ட் மோசடியில் சிக்கியவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பயமுறுத்தி, சரிசெய்து தருவதாகப் பேச்சுக் கொடுத்து, தொலைவிலிருந்தே கணினியைத் தம் வசப்படுத்திக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்களிடம் பணத்தை இழந்தவர்கள் முதலில் அழைக்கவேண்டிய எண் 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடாக 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய இச்சேவை, பின்னர் நான்கு இலக்க எண்ணுக்கு மாறியது. எங்கள் பகுதியில் முதியவர்களுக்குக் கணினி, கைப்பேசி தொடர்பான உதவிகளைச் செய்துவருபவன் என்ற முறையில், சிலருக்குத் துணையாக இருந்து இந்த எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இது நல்ல சேவை, தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பலன் பெரும்பாலும் பணம் போன முதல் சில நிமிடங்களைப் பொறுத்தது என்பதும், அந்த நிமிடங்களில் செய்யவேண்டியவை பலருக்குத் தெரியவில்லை என்பதும் என்னை மிகவும் வருத்துகின்றன.

மோசடி நடக்கும் விதத்தை அறிந்தால்தான் சேவையின் அருமையும் எல்லையும் விளங்கும். இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை ஒலியுடன், மைக்ரோசாஃப்ட் பெயரில் ஓர் அறிவிப்பும் அதனடியில் ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றுகின்றன. தங்களுடைய உண்மையான பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பதறிப்போய் அந்த எண்ணை அழைப்பவரிடம் கணினியில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பகுதியைத் திறக்கச் சொல்வார்கள். நன்றாக இயங்கும் கணினியிலும் அங்கே சிவப்பு, மஞ்சள் குறிகளோடு ஏராளமான பதிவுகள் இருக்கும், அவற்றையே வைரஸ் என்று காட்டுவார்கள். இதைவிட நயவஞ்சகமான தந்திரம் ஒன்று உண்டு. ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்யவைத்து, அதன் விடையாக வரும் நீண்ட எண்ணைத் தாங்களும் அப்படியே ஒப்பித்து, அது அந்தக் கணினிக்கு மட்டுமே உரிய உரிம எண் என்றும், அது தங்களிடம் இருப்பதே தாங்கள் உண்மையானவர்கள் என்பதற்குச் சான்று என்றும் நம்பவைப்பார்கள். 888டிசிஏ60 என்று தொடங்கும் அந்த எண் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றுதான். நம்பிக்கை பிறந்தபிறகு தொலைவிலிருந்தே நம் கணினியை இயக்க வழிசெய்யும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவச் சொல்கிறார்கள். எனிடெஸ்க் வழியாக நடக்கும் இந்த வகைப் பணத்திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

1930-ஐ அழைத்தால் அந்தந்த மாநிலக் காவல்துறையின் கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கப்படுவதால், நம் ஊரிலிருந்து அழைப்பவர் தமிழிலேயே நடந்ததைச் சொல்ல முடிகிறது. நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு முதியவருக்கு இது சாதாரண வசதி அன்று. பெயர், கைப்பேசி எண், பணம் போன கணக்கு, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டுப் பதிகிறார்கள். அந்தப் புகார் வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் இணைந்திருக்கும் பொது அமைப்புக்குள் செல்கிறது. பணம் சென்று சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் அந்த வங்கி அதை நிறுத்திவைக்கும். அங்கிருந்து வேறு கணக்குக்குப் போயிருந்தால் புகார் அடுத்த வங்கிக்குச் செல்லும். திருடிய பணத்தைப் பல கணக்குகளுக்குச் சிதறடித்து, ஏடிஎம்மில் எடுத்துவிடுவதுதான் கும்பலின் அவசரம். ஆகவே இதைப் பணத்தைத் துரத்தும் ஓட்டம் என்றே சொல்லவேண்டும். மறுநாள் காலை வரை காத்திருந்து அழைப்பவருக்கு இதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

போலி டெக் சப்போர்ட் வழக்குகளில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. ஏமாற்றுபவன் தொடர்பைத் துண்டிக்கவே விடமாட்டான். "போனை வைத்துவிட்டால் வேலை பாதியில் நின்று கணினி கெட்டுவிடும்" என்று மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பான். பாதிக்கப்பட்டவரின் கைப்பேசி அவனிடம் மாட்டிக்கொண்டிருக்க, 1930-ஐ அழைக்க வழியே இருக்காது. வீட்டில் உள்ள இன்னொருவரின் கைப்பேசியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ அழைப்பதே சரி. அதற்கும் முன்பாக வைஃபை ரவுட்டரை அணைத்துவிட வேண்டும்; கைப்பேசியில் அந்தச் செயலி இருந்தால் மொபைல் டேட்டாவையும் நிறுத்த வேண்டும். 1930 பணத்தைத்தான் துரத்தும், கணினிக்குள் அமர்ந்திருப்பவனை வெளியேற்றுவது அதன் வேலை அன்று. புகார் பதிந்தபின் அச்செயலியை நீக்கி, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றாமல் விட்டால், அதே வழியில் மறுபடியும் பணம் போகும்.

வங்கிக்குத் தனியாகத் தெரிவிப்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடிபி போன்ற விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்து ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை அவரையே சேரும் என்றும், சொன்னபிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்திருக்கிறது. நான் துணைநின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 1930-இல் ஒப்புகை எண் கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய வங்கிக் கிளையில் "திங்கட்கிழமை நேரில் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வங்கியின் இருபத்துநான்கு மணிநேர எண்ணில் கணக்கை முடக்கச் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்பவைத்தேன். அப்படிச் செய்தால் தெரிவித்த நேரத்துக்கு எழுத்து வடிவில் சான்று இருக்கும்.

தொலைபேசியில் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் முழு விவரங்களையும் பதிய வேண்டும். அதைத் துணையின்றி நிரப்புவது வயதானவர்களுக்குக் கடினம் என்பதால் உடனிருக்க ஒருவர் தேவை. வங்கி நிறுத்திவைத்த தொகையும் தானாகத் திரும்பி வந்துவிடாது. பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அதற்குக் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சோர்ந்துபோய்க் கைவிடுபவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. பணத்தைத் தடுப்பதில் காட்டும் வேகத்தைத் திருப்பிக் கொடுப்பதிலும் அரசு காட்டவேண்டும்.

சந்தேக அழைப்பு வந்தது, ஆனால் பணம் போகவில்லை என்றால் 1930 தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் சேர்க்கப்பட்ட சக்ஷு பகுதி அதற்காகவே உள்ளது. கடந்த 30 நாட்களுக்குள் வந்த அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை அதில் தெரிவிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து இந்திய எண்ணாகத் தோன்றும் அழைப்புகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பணத்தை இழந்தவர் மட்டும் சக்ஷு படிவத்தில் நேரத்தைச் செலவிடக் கூடாது. அந்தத் தளமே அவரை 1930-க்குத்தான் அனுப்பிவைக்கிறது.