ஸ்கிரமா, கன்பானா: மலையகத்துச் சிறு குழுவுக்கு எது தாங்கும்?

ஹட்டன், பண்டாரவளை, பதுளை, கண்டி என்று மலைநாட்டு நகரங்களில் நான்கைந்து பேராகச் சேர்ந்து மென்பொருள் வேலை எடுத்துச் செய்யும் குழுக்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அந்தக் குழுக்களின் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் புதிதாக ஏதாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் போன வருடம் செய்து கொடுத்த கடை பில்லிங் சிஸ்டத்திலிருந்தும் ஹோட்டல் புக்கிங் தளத்திலிருந்தும் அழைப்பு வந்தபடியே இருக்கும். குழுவின் வேலையை ஒழுங்குபடுத்த இரண்டு முறைகளைப் பற்றிப் பேசுகிறேன்: குறித்த நீளமுள்ள சுற்றுகளாக (ஸ்பிரின்ட்) வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் ஸ்கிரம், ஒவ்வொரு வேலையையும் பலகையில் ஒரு அட்டையாகக் காட்டி, நடக்கும் வேலைக்கு எல்லை போடும் கன்பான். இப்படிப்பட்ட குழுவுக்கு என் தெரிவு கன்பான். ஸ்கிரமில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. அதை விதிப்படி நடத்த ஆகும் செலவு நான்கு பேர் தோளுக்குக் கனம், அவ்வளவுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001 பெப்ரவரியில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு துண்டுகளாக அடிக்கடி முடித்துக் கொடுக்கச் சொல்லும் அஜைல் பிரகடனத்தை எழுதுவதற்கு முன்பே ஸ்கிரம் இருந்தது. அதை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லன்டும் 1995இலேயே அதைப் பொதுவில் முன்வைத்துவிட்டார்கள். கன்பானின் வேர் டொயோட்டா தொழிற்சாலையில், தாய்ச்சி ஓனோ வளர்த்த முறையில் இருக்கிறது. அதை மென்பொருள் வேலைக்குப் பொருத்தியதில் டேவிட் ஆண்டர்சனின் பங்கு பெரியது. இரண்டுமே வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும், சிறு துண்டுகளாக முடிக்கச் சொல்லும், அடிக்கடி திரும்பிப் பார்க்கச் சொல்லும். வேறுபடுவது அதற்கு மேல்தான்.

ஸ்கிரம் யாரை எதற்குப் பொறுப்பாக்குகிறது

ஸ்கிரமின் விதிநூலான ஸ்கிரம் கைட்டின் இப்போது செல்லுபடியாகும் பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. ஒரு ஸ்கிரம் குழு வழக்கமாக 10 பேருக்கு மேல் போகாது. அதற்குள் மூன்று பொறுப்புகள்: புரொடக்ட் ஓனர், ஸ்கிரம் மாஸ்டர், டெவலப்பர்கள். டெஸ்ட் செய்பவரும் டிசைன் செய்பவரும் டெவலப்பர்களில் அடக்கம். குழுவுக்குள் இன்னொரு உட்குழுவோ மேல் கீழ் வரிசையோ கிடையாது.

சிக்கல் தொடங்குவது புரொடக்ட் ஓனரில். அவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், ஒரு கமிட்டி அந்த இடத்தில் உட்கார முடியாது. பேக்லொக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், எது முதலில், எது பிறகு என்பது அவர் முடிவு. அந்த வரிசையை மாற்ற விரும்புகிறவர் அவரைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும், டெவலப்பரின் போனுக்கு நேராக அடிக்கக்கூடாது. நம் குழுக்களிலோ காசு கொடுக்கிறவர் கொழும்பில் இருப்பார், அல்லது மெல்பர்னில். ஒஃபிஸில் ‘புரொடக்ட் ஓனர்’ என்று உட்கார்ந்திருப்பவர் அவருடைய மெயிலை வாசித்துச் சொல்லும் தூதர் மட்டுமே. தூதரால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. ‘இது அடுத்த ஸ்பிரின்ட்டில்’ என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் ஸ்கிரமின் மற்ற விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

அடுத்தது ஸ்கிரம் மாஸ்டர். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டில் யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பதைப் போல, காலையில் வேலை பிரித்துக் கொடுப்பவராக இவரை நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஸ்கிரமை ஒழுங்காக நடக்கச் செய்வதும், குழுவின் வழியில் நிற்கும் தடைகளை அகற்றச் செய்வதும்தான் இவர் பொறுப்பு. டெய்லி ஸ்கிரம் டெவலப்பர்களுடைய கூட்டம். 15 நிமிடம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம். ஸ்பிரின்ட் கோலை (அந்தச் சுற்றின் இலக்கை) நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்று எதை மாற்ற வேண்டும் என்று அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற பழைய மூன்று கேள்விகளை 2020 பதிப்பு எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் ஆளுக்கொரு நிமிடம் லீட் முகத்தைப் பார்த்து ஒப்புவிக்கும் பழக்கம் போகவில்லை.

நிகழ்வுகள் ஐந்து. ஸ்பிரின்ட் ஒரு மாதத்துக்குள் அடங்க வேண்டும், மற்ற நான்கும் அதற்குள் நடக்கும். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்குத் திட்டமிடல் அதிகபட்சம் 8 மணி, செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ரிவியூ 4 மணி, குழு தன் வேலை முறையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரொஸ்பெக்டிவ் (ரெட்ரோ) 3 மணி. குறுகிய ஸ்பிரின்ட்டுக்கு அதைவிடக் குறைவு. ஸ்பிரின்ட்டின் நீளம் மாறாது. வேலை முடியவில்லை என்று இரண்டு நாள் இழுத்துவிட்டால் அது ஸ்கிரம் விதியில் இல்லாத ஸ்பிரின்ட். முடியாதது பேக்லொக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். ‘முடிந்தது’ என்பதற்குக் குழு எழுதி வைத்த அளவுகோலைத் தொடாத அட்டையை ரிவியூவில் காட்டவும் கூடாது. ஸ்பிரின்ட்டை இடையில் நிறுத்தும் அதிகாரம் புரொடக்ட் ஓனருக்கு மட்டும்தான், அதுவும் ஸ்பிரின்ட் கோலே அர்த்தமற்றுப் போனால்.

ஸ்டோரி பொயின்ட் (வேலையின் பருமனுக்குப் போடும் புள்ளி), வெலொசிட்டி (ஒரு ஸ்பிரின்ட்டில் முடியும் புள்ளிகள்), யூசர் ஸ்டோரி (பயனரின் பார்வையில் எழுதிய தேவை) எதுவும் ஸ்கிரம் விதி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்புகளில் இவை விதியைப் போலவே சொல்லிக் கொடுக்கப்படுகின்றன.

தீர்மானிக்கும் விடயம்: நடுவில் வரும் வேலை

நான்கு பேர், இரண்டு கிழமை ஸ்பிரின்ட், 10 வேலை நாள் என்று கணக்குப் போடுங்கள். தாளில் 40 ஆள்நாள். மாதந்தோறும் போயா (பௌர்ணமி) விடுமுறை வரும் நாட்டில் பெரும்பாலும் இரண்டு ஸ்பிரின்ட்டுக்கு ஒன்றாவது ஒரு நாளை இழக்கும், அப்போது 36. பழைய சிஸ்டங்களுக்குத் துணை நிற்க ஒருவரை முழுதாக ஒதுக்கினால் மிஞ்சுவது மூன்று பேர், 27 ஆள்நாள். மேலே சொன்ன நேர எல்லைகளைப் பாதியாக்கினால் திட்டமிடல் 4 மணி, ரிவியூ 2, ரெட்ரோ ஒன்றரை, டெய்லி ஸ்கிரம் எல்லாம் சேர்ந்து இரண்டேகால். ஆளுக்கு ஏறக்குறைய 10 மணி, மூன்று பேருக்கு ஏறக்குறைய 4 ஆள்நாள். கையில் நிற்பது 23. நன்றாக நடத்தும் சிறு குழு கூட்ட நேரத்தை இதில் பாதிக்கும் குறைவாக முடித்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் 40 இருக்கும் என்று நினைத்துத் திட்டமிட்ட குழுவுக்கு 23ஓ 25ஓ பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

திட்டமிடலில் 40ஐ நிரப்பிவிட்டால் ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் பாதி வேலை அடுத்ததற்குத் தாண்டும். மூன்றாவது ஸ்பிரின்ட்டில் யாரும் ஸ்பிரின்ட் கோலை நம்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு ‘எல்லா டிக்கெட்டையும் முடிப்பது’ என்பதே கோலாகிவிடும். முதலில் கைவிடப்படுவது ரெட்ரோ, பிறகு ரிவியூ. கடைசியில் தினமும் ஒரு நிற்கும் கூட்டமும் இரண்டு கிழமைக்கு ஒரு தலைவலியும் மட்டும் எஞ்சும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரின்ட் தொடங்கினால் எதையும் தொடக்கூடாது என்று ஸ்கிரம் சொல்வதில்லை. கோலுக்கு ஆபத்து வராதவரை வேலையின் அளவைப் புரொடக்ட் ஓனருடன் கதைத்து மாற்றலாம். அவசர வேலைக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே விட்டு வைக்கலாம், அந்தப் பங்கு ஓரளவு நிலையாக இருந்தால் அது வேலையும் செய்யும். ஒரு கிழமை ஒன்றுமில்லை, மறு கிழமை சம்பள மென்பொருள் மாதக் கடைசியில் விழுந்து இரண்டு பேரை விழுங்கிவிட்டது என்று வந்தால் எந்த ஒதுக்கீடும் பொருந்தாது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி எதிர்பாராமல் போகிறது என்றால் ஸ்பிரின்ட் கட்டுவதில் பயனில்லை என்பதே என் மதிப்பீடு. இந்த அளவு கைட்டில் இல்லை, என்னுடையது.

கன்பானை எப்படி நிறுத்துவது

கன்பான் புதிய பதவி எதையும் கேட்பதில்லை, ஸ்பிரின்ட்டும் கேட்பதில்லை. வேலை எப்படி நகர்கிறது என்பதை எழுதிப் பலகையில் காட்டுங்கள், நடக்கும் வேலையின் எண்ணிக்கைக்கு எல்லை போடுங்கள், ஓடுகிற வேலையைக் கவனியுங்கள், அந்த முறையையே திருத்திக்கொண்டு போங்கள் என்கிறது. கேட்க லேசாக இருப்பதால்தான் பலர் பலகையை மட்டும் மாட்டிவிட்டு எல்லையை மறந்துவிடுகிறார்கள். எல்லை இல்லாத பலகை வெறும் வேலைப் பட்டியல்.

நான்கு பேருக்கு நான் பலகையில் போடும் நிரல்களும், ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய அட்டைகளின் எல்லையும் இவை: ‘எடுக்கத் தயார்’ 5, ‘செய்வது’ 3, ‘சரிபார்ப்பு’ 2, ‘க்ளையன்ட் பார்வை’ 3, பிறகு ‘முடிந்தது’. நான்கு பேர் இருக்கும்போது ‘செய்வது’ 3 என்று வைப்பது வேண்டுமென்றே. நான்காவது ஆளுக்குப் புதிய வேலை எடுக்க இடமில்லாததால் சரிபார்ப்பில் கிடக்கும் அட்டைக்குப் போயே ஆக வேண்டும். ஆளுக்கொரு அட்டை என்று வைத்தால் சரிபார்ப்பு நிரல்தான் முதலில் வீங்கும்.

‘க்ளையன்ட் பார்வை’க்கும் எல்லை போடுவது பலருக்கு விநோதமாகப் படும், பதில் வராதது நம் குற்றமா என்பார்கள். குற்றம் யாருடையது என்பது வேறு கதை, அட்டை முடியவில்லை என்பதுதான் கணக்கு. அந்த நிரல் நிரம்பினால் புதிய வேலையை எடுக்காமல் போனை எடுக்க வேண்டும். மூன்று வேலை நாளுக்கு மேல் பதில் இல்லையென்றால் அழைப்பது என்று பலகையின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். தடைப்பட்ட அட்டைகளுக்கென்று தனி நிரல் வேண்டாம், அது வேலையைப் புதைக்கும் இடமாகிவிடும். அட்டை இருந்த இடத்திலேயே சிவப்புக் குறியுடன் நிற்கட்டும், எல்லைக்குள் அதையும் எண்ணுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? லிட்டில் விதி என்று ஒன்று இருக்கிறது: ஒரு அட்டை முடிய ஆகும் சராசரிக் காலம், நடக்கும் அட்டைகளின் சராசரி எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்த அளவு. ‘எடுக்கத் தயார்’ போக, எல்லை போட்ட மற்ற மூன்று நிரல்களில் 8 அட்டை, கிழமைக்கு 4 முடிகிறது என்றால் ஒரு அட்டைக்கு 2 கிழமை. அதே வேகத்தில் 16 அட்டைகளைத் திறந்து வைத்தால் 4 கிழமை. வருவதும் முடிவதும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு நிற்கும். எல்லோருக்கும் ‘தொடங்கிவிட்டோம்’ என்று சொல்லி மகிழ்விக்கும் குழு எல்லோரையும் காக்க வைப்பது இப்படித்தான்.

க்ளையன்ட் ‘எப்போது கிடைக்கும்’ என்று கேட்டால் கடைசியாக முடிந்த 20 அட்டைகள் ஒவ்வொன்றும் எடுத்த நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 17ஆவது எண் 9 என்றால், ‘இந்த மாதிரி வேலை 100க்கு 85 தடவை 9 நாளுக்குள் முடிகிறது’ என்று சொல்லலாம். ஸ்டோரி பொயின்ட் கூட்டம் தேவையில்லை. புதிய வேலை அந்த 9 நாளுக்குள் அடங்காது என்று பார்த்தவுடன் தெரிந்தால் அதை உடைக்க வேண்டும், கன்பானில் மதிப்பீடு என்பது அவ்வளவுதான்.

காலைக் கூட்டத்தில் ஆட்களைச் சுற்றி வராமல் பலகையை வலமிருந்து இடமாக நடந்து வாருங்கள். முடிவுக்கு அருகில் இருப்பதும், அதிக நாள் கிடப்பதும் முதலில். மழைமாதத்தில் பாதை மூடி ஒருவர் வீட்டிலேயே நின்றாலும், கரண்ட் போய் ஒருவர் காணொளியில் இல்லாவிட்டாலும், பலகையைப் பார்த்து மற்றவர்கள் கதைத்துவிடலாம். சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நுவரெலியா ஈரத்தில் அது காலையில் தரையில் கிடக்கும், வெள்ளைப் பலகையும் காந்தமும் வாங்குங்கள்.

கன்பான் கெடுவது, அவசர வேலைக்கென்று பலகையில் திறந்து விடும் அவசரப் பாதையில். எல்லைக்கு அப்பால் போகும் ஒரே வழி அது, ஒரு நேரத்தில் ஒரு அட்டைதான். எது அவசரம் என்பதை எழுதி வையுங்கள்: கடையில் பில் போட முடியவில்லை, சம்பளம் போகவில்லை, தரவு கசிகிறது. லோகோ நிறம் அவசரம் அல்ல. கிழமைக்கு மூன்று தடவை அந்தப் பாதை திறந்தால் எல்லை செத்துவிட்டது என்று அர்த்தம். வலிக்கும்போதெல்லாம் 3ஐ 4 ஆக்குவதும் அதே சாவு, கொஞ்சம் மெதுவாக.

இன்னொரு குறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கன்பானில் குழு மும்முரமாக ஓடிக்கொண்டே எங்கும் போய்ச் சேராமல் இருக்க முடியும். ஸ்பிரின்ட் கோலும் ரிவியூவும் தரும் திசை இதில் தானாக வராது. ஆகவே க்ளையன்ட்டுடன் இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒரு மணி நேரப் பார்வையையும், மாதம் ஒரு ரெட்ரோவையும் நாட்காட்டியில் போட்டு வைப்பதை விதியாக்க வேண்டும். ஸ்கிரமிலிருந்து எடுத்தவைதான். பாதியை எடுத்தால் அது ஸ்கிரம் ஆகாது என்று கைட் சொல்கிறது. சரி, நாமும் அதை ஸ்கிரம் என்று அழைக்க வேண்டாம்.

ஸ்கிரமையே எடுக்க வேண்டிய இடம்

ஒரே புதிய பொருள், ஒரே க்ளையன்ட், முடிவெடுக்கும் ஆள் கிழமைக்குச் சில மணி நேரமாவது உண்மையில் கிடைக்கிறார், பழைய சிஸ்டங்களின் அழைப்பு இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் யோசிக்காமல் ஸ்கிரம். பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த பிள்ளைகள் நிறைந்த குழுவுக்கும் அதன் தாளம் நல்லது, இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஓடும் பொருளைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வேறெதிலும் அவ்வளவு சீக்கிரம் வராது. பல குழுக்கள் ஒரே பொருளில் சேரும் பெரிய அமைப்புகளில் என் அனுபவம் மெல்லியது, அங்கே என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஸ்கிரமில் இருந்துகொண்டு மூச்சு வாங்குகிற குழுவுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைக்கச் சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு ‘செய்வது’ நிரலில் மட்டும் 3 என்று எழுதுங்கள். நடுவில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் வேறு நிற அட்டை போடுங்கள். முடிந்த தேதியை அட்டையின் பின்னால் குறியுங்கள். மூன்று ஸ்பிரின்ட் கழித்து வேறு நிற அட்டைகளை எண்ணிப் பார்த்தால், ஸ்பிரின்ட்டைக் கட்டி வைத்திருப்பதா அவிழ்ப்பதா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். அவிழ்க்க முடிவானால், அதைக் க்ளையன்ட்டுக்கு முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கப்போவது கன்பான் என்றால் என்ன என்று அல்ல, அடுத்த டெமோ எப்போது என்றுதான். அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.